எண்ணெய்க்கு மேலேயே பிழியும் செல்

தே தாரிக் கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் நம் செல்கள் ஓயாமல் செய்யும் ஒரு வேலையைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு செல்லையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு சூழ்ந்திருக்கிறது. உப்புகளால் அதைத் தாமாகக் கடக்க முடியாது. சவ்வில் பதிந்த புரதங்கள்தாம் அவற்றுக்கு வழிவிடுகின்றன. ஒரே ஒரு சிவப்பணுவில் 'பேண்ட் 3' என்ற புரதம் மட்டும் சுமார் 10 லட்சம் உண்டு. இவை சவ்வுக்குள் எப்படிப் போய்ப் பதிகின்றன?

புரதம் முழுதாக உருவான பிறகு மிதந்துபோய்த் தன் இடத்தைத் தேடிக்கொள்கிறது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். நடப்பது வேறு. தீபாவளி நெருங்கினால் ஜார்ஜ்டவுன் லெபோ பாசார் பக்கத்து வீடுகளில் ஓமப்பொடி பிழிவார்களே, அதை நினைத்துக்கொள்வோம். மாவைத் தட்டில் பிழிந்து, பிறகு எண்ணெய்க்குக் கொண்டுபோவதில்லை. அச்சையே வாணலிக்கு மேல் பிடித்துப் பிழிகிறோம். செல்லும் அதையே செய்கிறது.

இங்கே அச்சு, ரைபோசோம். அமினோ அமிலங்களைக் கோத்துப் புரத இழையை அதுதான் வெளியே விடுகிறது. இழையில் கொழுப்போடு ஒட்டும் பகுதி, சுமார் 20 அமினோ அமில நீளம், தலைகாட்டியதும் ஒரு துணைத் துகள் அதைப் பிடித்துக்கொள்கிறது. கோக்கும் வேலை சற்றே தாமதிக்கிறது. ரைபோசோம் அப்படியே எண்டோபிளாச வலை என்னும் உட்சவ்வுக்குக் கொண்டுபோகப்படுகிறது. அங்கே வேலை தொடர, இழை நேராகச் சவ்வுக்குள் இறங்குகிறது. கொழுப்போடு ஒட்டும் பகுதிகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆக, முகவரி புரதத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. இதைக் கண்டறிந்த குந்தர் பிளோபெல் 1999இல் நோபல் பரிசு பெற்றார். ரைபோசோமின் வடிவத்தைத் துலக்கியதற்காக 2009இல் அப்பரிசைப் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

பயணம் அத்தோடு முடிவதில்லை. உட்சவ்விலிருந்து சிறு பைகளில் ஏறி, கோல்கி உறுப்பு வழியாகப் புரதம் செல்லின் வெளிச்சவ்வை அடைய வேண்டும். மலேசியாவிலும் தாய்லாந்திலும் சில குடும்பங்களில் பேண்ட் 3இன் 701ஆம் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. சிவப்பணு உருவாகும்போது கிளைக்கோஃபோரின் ஏ என்ற இன்னொரு புரதம் துணைக்கு வருவதால், மாறிய புரதமும் வெளிச்சவ்வைச் சேர்ந்துவிடுகிறது. இதே புரதம் தேவைப்படும் சிறுநீரகச் செல்லில் அந்தத் துணை இல்லை. புரதம் கோல்கியிலேயே தங்கிவிடுகிறது. வேலை செய்யத் தெரிந்த புரதம்தான், இடம் சேரவில்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்ற குழந்தைக்குச் சிறுநீரில் போக வேண்டிய அமிலம் இரத்தத்தில் தேங்குகிறது. வளர்ச்சி குன்றுகிறது, எலும்பு தளர்கிறது, சிறுநீரகத்தில் கல் சேர்கிறது.

நோயின் வேர் இத்தனை நுட்பமானது என்றாலும் சிகிச்சை எளியது: அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் அல்லது சிட்ரேட் மருந்தைத் தினமும் கொடுப்பது. குழந்தை வளராமல் தேங்கினால், சிறு வயதிலேயே கல் கண்டால், இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.