வணிகத்தில் மக்கள் தொடர்பு: நெல் திருவிழா தரும் பாடம்

பொருளை விளைவிப்பது ஒரு திறன். அதனை விற்பது மற்றொரு திறன். விற்பவர்மீது வாங்குபவர் நம்பிக்கை கொள்ளுமாறு செய்வது மூன்றாவது திறன். இதனையே மக்கள் தொடர்பு என்கிறோம். விளம்பரம் என்பது, காசு கொடுத்து நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வது. மக்கள் தொடர்போ, நம் செயலைக் கண்டு பிறர் நம்மைப் பற்றி நல்லது சொல்லுமாறு நடந்துகொள்வது. பொருள், விலை, விற்குமிடம், விற்பனை ஊக்கம் ஆகிய நான்கையும் கொண்டது சந்தைப்படுத்தும் திட்டம். அவற்றுள் நான்காவதன் ஓர் உறுப்பாக மக்கள் தொடர்பை வணிகவியலார் வைப்பர்.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1960களில் ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால, உயர் விளைச்சல் நெல் இரகங்கள் தஞ்சை வயல்களில் பரவின. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், குழியடிச்சான் முதலிய பழைய நெல் வகைகள் நாளடைவில் அருகின. விதை இல்லாமையால் உழவர் பயிரிடவில்லை. அரிசி கிடைக்காமையால் மக்கள் கேட்கவில்லை. கேட்பார் இல்லாமையால் வணிகர் வாங்கவில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க முன்வந்தவர் நெல் ஜெயராமன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழிகாட்டுதலோடு, திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006இல் அவர் நெல் திருவிழாவைத் தொடங்கினார். வந்த உழவருக்கு 2 கிலோ விதைநெல் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே ஏற்பாடு.

இதன் நுட்பத்தை மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். விதை பெற்ற ஒவ்வோர் உழவரும் தம் ஊரில் அந்நெல்லின் தூதரானார். உழவரும் வாங்குபவரும் ஓரிடத்தில் நேருக்குநேர் சந்தித்தனர். ஆண்டுதோறும் நிகழ்ந்ததால் நாளிதழ்களுக்கும் அது செய்தியாயிற்று. 170க்கும் மேற்பட்ட நெல் வகைகள் இம்முயற்சியால் மீட்கப்பட்டன. 2018 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். எனினும் திருவிழா தொடர்ந்தது. 2021இல் தமிழ்நாட்டின் வேளாண் நிதிநிலை அறிக்கை, மரபு நெல் பாதுகாப்பு இயக்கத்திற்கு அவர் பெயரையே சூட்டியது.

இதனைத் தம் தொழிலில் பின்பற்ற விரும்பும் அரிசி ஆலை உரிமையாளர் ஒருவர் செய்யவேண்டுவன யாவை? முதலாவது, தம்மோடு தொடர்புடையோர் யார் யார் என வகுத்தல்: நெல் தரும் உழவர், ஆலைத் தொழிலாளர், கடைக்காரர், உண்போர், அக்கம்பக்கத்தார். இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் பயன்படும் உண்மைச் செய்தியைத் தேர்தல். மூன்றாவது, அறுவடைக் காலம் போன்ற தக்க வேளையில் ஆலையைத் திறந்து காட்டுதல். நான்காவது, குறை கூறுவோரிடம் அன்றே விடை சொல்லுதல். ஐந்தாவது, பயனை அளத்தல். நாளிதழில் பெயர் எத்தனை முறை வந்தது என்பது பெரிதன்று. வாங்கியவர் மீண்டும் வந்தாரா என்பதே அளவுகோல்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கருப்புக் கவுனியில் இயற்கை நிறமிகள் உள்ளன. தீட்டாத அரிசியில் நார்ச்சத்து மிகுதி. இவற்றைச் சொல்லலாம். ஆனால், 'இவ்வரிசி நீரிழிவைத் தீர்க்கும்' என்று சொல்லுதல் தகாது. அதனை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டால், கெடுவது அவர் உடல்நலம். அதனோடு அழிவது உண்மையாய் உழைத்த உழவர் அனைவரின் நற்பெயர்.

அமெரிக்காவில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஐவி லீ, 1906இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், இதழ்களுக்குத் தாம் தரும் செய்தி துல்லியமாக இருக்கும் என்று உறுதியளித்தார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கடைத்தெருவில் இந்நெறி நிலைநாட்டப்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்ததென்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய நபிகளார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது.

நெல்லை அம்பாரமாய்க் குவிக்கும் நம் நாட்டார்க்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ? ஈர நெல்லை மேலே வைக்கும் துணிவுடைய வணிகரையே மக்கள் நம்புவர். அந்நம்பிக்கையே அவர்தம் வணிகத்தின் நிலைத்த முதலாகும்.