விரல் போனாலும் விடாத கிடார்!



உங்களில் யாராவது கிடார் கற்றுக்கொள்கிறீர்களா? அப்படியானால், முதல் வாரத்தில் விரல் நுனி எப்படி எரியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு கையால் தந்தியை அழுத்த வேண்டும். மறு கையால் மீட்ட வேண்டும். சரியாக அழுத்தாவிட்டால் நாதமே வராது.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேரன், ஆசைப்பட்டு வாங்கிய கிடாரைப் பத்தே நாளில் பரணில் ஏற்றிவிட்டான். "விரல் வலிக்குது தாத்தா, எனக்கு இது வராது" என்றான். வாத்தியார் வேலையில் இருந்தபோது இந்த "வராது" என்ற சொல்லை எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். அதனால் நான் அவனைத் திட்டவில்லை.

ஆசிரியர் பயிற்சி விடுதியில் என் அறைத் தோழன் ஒருவன் டேப்ரிகார்டரில் எந்நேரமும் ராக் இசை போடுவான். அன்று ஒட்டிக்கொண்ட கிடார் ஆசை எனக்கு இன்றும் போகவில்லை. எனக்கு மிகவும் பிடித்த மூன்று கிடார் கலைஞர்களின் கதையைப் பேரனுக்குச் சொன்னேன். நீங்களும் கேளுங்கள்.

பிளாஸ்டிக் விரல்!

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1948ல் பிறந்தவர் டோனி அயோமி. 17 வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். அந்த வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளன்று, வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இயந்திரம் துண்டித்துவிட்டது. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். ஆகவே தந்தியை அழுத்துவது வலது கைதான். இனி கிடார் அவ்வளவுதான் என்று மனம் உடைந்து போனார்.

அப்போது தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். கேட்டு முடித்ததும், "இதை வாசித்தவருக்கு இரண்டு விரல்தான் வேலை செய்யும்" என்றார். அயோமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, தையல்காரர் போடும் விரல் உறை போல இரண்டு செய்தார். அதன் மேல் பழைய தோல் சட்டையின் துண்டை ஒட்டினார். அழுத்துவதற்குச் சுலபமாக மெல்லிய தந்திகளைக் கட்டினார். பிற்காலத்தில் தந்திகளைத் தளர்த்தி, சுருதியையும் இறக்கினார். இடி உருளுவது போன்ற கனமான ஓசை பிறந்தது! 1970ல் வெளிவந்த பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டிலேயே அவருடைய கனத்த வாசிப்பைக் கேட்கலாம். 'ஹெவி மெட்டல்' என்ற இசை வகைக்கு அந்தக் குழுவை முன்னோடி என்கிறார்கள்.

இரண்டே விரல்!

அந்த இசைத்தட்டில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910ல் பெல்ஜியத்தில் பிறந்தவர். வண்டியையே வீடாக்கி ஊர் ஊராகச் செல்லும் ரோமா இனத்தவர். 1928ல் ஓர் இரவு, விற்பனைக்காக வண்டியில் வைத்திருந்த செல்லுலாய்டு பூக்களில் தீப்பற்றியது. அந்தத் தீயில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் கருகி மடங்கிவிட்டன.

மிஞ்சிய இரண்டு விரல்களைத் தந்திகளின் மேல் ஓடவிட்டுப் பழகினார். 1934ல் பாரிசில் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் சேர்ந்து குழு அமைத்தார். நம் வித்வான்கள் மேடையிலேயே கற்பனை ஸ்வரம் பாடுவதுபோல, ஜாஸ் இசையிலும் அந்த நேரத்துக் கற்பனைதான் உயிர். அதில் ஐந்து விரல் உள்ளவர்களும் ஜாங்கோவைப் பார்த்து வியந்தார்கள்.

தனக்குத் தானே குரு!

ஜாஸையும் ராக்கையும் கலந்தால் 'ஃப்யூஷன்'. 'ஜாயஸ் லேக்' என்ற ஃப்யூஷன் இசைத்தட்டைத் தந்தவர், அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த பாட் மார்ட்டினோ. இவருக்கு விரல்கள் பத்தும் இருந்தன. போனது நினைவு!

1980ல் மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. கண் விழித்தபோது பெற்றோரையே அடையாளம் தெரியவில்லை. தான் ஒரு கிடார் கலைஞர் என்பதும் மறந்துவிட்டது. அப்பா வீட்டில் மகனின் பழைய இசைத்தட்டுகளை ஒலிக்க விட்டார். மார்ட்டினோ அவற்றைக் கேட்டுக் கேட்டு மறுபடி பழகினார். தன்னிடமே தான் மாணவனாகச் சேர்ந்தது போல! 1987ல் மேடை ஏறி வாசித்த இசைத்தட்டின் பெயர் 'தி ரிட்டர்ன்'. திரும்பி வருதல் என்று பொருள். 2021ல் காலமானார்.

ஒன்றைக் கவனித்தீர்களா? மூவரில் ஒருவருக்கும் போனது அப்படியே திரும்பக் கிடைக்கவில்லை. இருப்பதை வைத்து எப்படி வாசிப்பது என்று யோசித்தார்கள். அதுவே அவரவர் பாணியாகிவிட்டது.

கதை முடிந்ததும் பேரன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ஸ்டூலைப் போட்டுக் கிடாரைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான். இப்போது தினமும் கால் மணி நேரம் பழகுகிறான். ஒரு பாட்டும் இன்னும் முழுதாக வரவில்லை. ஆனால் போன வாரம் ஓடிவந்து விரலை நீட்டி, "தொட்டுப் பாருங்க தாத்தா, காய்ச்சுப் போச்சு!" என்று பெருமையாகச் சொன்னான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது கிடக்கிறதா, செல்லங்களே?