ஒரே வயல், ரெண்டு நாடு: கத்தாரும் ஈரானும் பங்கு போடும் கேஸ்

உங்க தெருவுல ஒரு வீட்டுல 200 அடிக்கு போர் போட்டிருக்காங்கன்னு வைங்க. பக்கத்து அபார்ட்மென்ட்ல 600 அடிக்குப் போட்டு நாள் முழுக்க மோட்டார் ஓட்டுறாங்க. அடுத்த மே மாசம் அந்த முதல் வீட்டு மோட்டார் வெறும் காத்துதான் இழுக்கும். காம்பவுண்ட் சுவர் எங்க இருக்குன்னு நிலத்தடி நீருக்குத் தெரியாது. இன்னைக்கு நாம பேசப்போறதும் இதே சண்டைதான். தண்ணிக்குப் பதிலா இயற்கை எரிவாயு, ரெண்டு வீட்டுக்குப் பதிலா கத்தாரும் ஈரானும்.

பாரசீக வளைகுடாவுக்கு அடியில உலகத்தின் மிகப்பெரிய எரிவாயு வயல் இருக்கு. பரப்பளவு சுமார் 9,700 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர்தான், கணக்குப் போட்டுக்கோங்க. இதில் ஏறத்தாழ 6,000 கத்தார் பக்கம், 3,700 ஈரான் பக்கம். கத்தார் தன் பகுதிக்கு 'நார்த் ஃபீல்ட்'னு பேர் வச்சிருக்கு, ஈரான் 'சவுத் பார்ஸ்'னு சொல்லுது. பேர் ரெண்டு, பாறை ஒண்ணு.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. கடலுக்கு நடுவுல எல்லைக்கோட்டை ரெண்டு தரப்பும் ஒப்புக்கிட்டது 1969ல். வயலைக் கண்டுபிடிச்சது 1971ல். அதாவது, கோடு போட்டவங்களுக்கு அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியாது.

சரி, கேஸ் எப்படி கோட்டைத் தாண்டும்? கீழ பெரிய தொட்டி எதுவும் இல்ல. கடல் தரைக்குக் கீழ சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்துல, சுண்ணாம்புப் பாறையோட நுண்துளைகள்ல கேஸ் அதிக அழுத்தத்தில் அடைபட்டிருக்கு. ஒரு ஸ்பாஞ்ச் மாதிரி நினைச்சுக்கோங்க. ஒரு இடத்துல கிணறு திறந்தா அங்க அழுத்தம் குறையும். அழுத்தம் அதிகமா இருக்கிற இடத்துலேர்ந்து குறைவா இருக்கிற இடத்துக்கு கேஸ் மெதுவா நகரும். பாறையில துளைகள் எவ்வளவு நல்லா இணைஞ்சிருக்கோ, அதைப் பொறுத்து வேகம் மாறும். ஆனா திசை மாறாது. யார் அதிகமா எடுக்கிறாங்களோ, அவங்க பக்கம்தான் போகும்.

இப்போ யார் முதல்ல ஆரம்பிச்சாங்கன்னு பாருங்க. கத்தாரோட எல்.என்.ஜி, அதாவது குளிரவைத்து திரவமாக்கிய எரிவாயு, 1997ல் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. ஈரான் தன் பக்கத்திலிருந்து கேஸ் எடுக்க ஆரம்பிச்சது 2002ல். அதுக்கப்புறமும் பொருளாதாரத் தடைகளால ஈரானுக்கு முதலீடும் தொழில்நுட்பமும் தடைபட்டுக்கிட்டே இருந்தது. எல்லைக்கோட்டை ஒட்டி இருக்கிற 'ஃபேஸ் 11' பகுதிக்கு 2017ல் பிரான்ஸின் டோட்டல் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. 2018ல் அமெரிக்கா அணு ஒப்பந்தத்திலிருந்து விலகி தடைகளைத் திரும்பக் கொண்டுவந்ததும் டோட்டல் கிளம்பிடுச்சு. 2019ல் சீன நிறுவனமும் விலகிடுச்சு. அங்க கேஸ் வரத் தொடங்கினது 2023லதான்.

கத்தார் 2005ல் புதுத் திட்டங்களை நிறுத்தி வச்சது. வயல் எப்படி நடந்துக்குதுன்னு ஆராயணும்னு காரணம் சொன்னாங்க. 2017ல் அந்தத் தடையை எடுத்துட்டு, ஆண்டுக்கு 77 மில்லியன் டன்னா இருந்த எல்.என்.ஜி திறனை 142 மில்லியனாக்கப் போறோம்னு அடுத்தடுத்து அறிவிச்சாங்க.

நம்ம கோடிங் பாஷைல சொன்னா, ரெண்டு த்ரெட் ஒரே மெமரியை லாக் இல்லாம தொடுது. 'நான் நிறுத்தினா அவன் எடுத்துடுவான்' என்ற பயத்துல ரெண்டு பேரும் ஓடணும். இதுல மொத்தமாவே ஒரு நஷ்டம் இருக்கு. இந்த கேஸோட கண்டன்சேட்னு விலை உயர்ந்த திரவ எண்ணெயும் வரும். அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழ போயிட்டா, அது பாறைக்குள்ளயே திரவமாகி ஒட்டிக்கும். அப்புறம் அதுல பெரும்பகுதி யாருக்குமே கிடைக்காது.

ஒப்பந்தத்துல எதுவுமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. எல்லைக்கு 125 மீட்டருக்குள்ள, ரெண்டு பேரும் சம்மதிக்காம, கிணறு தோண்டக்கூடாது. ஆனா பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் ஸ்பாஞ்சுக்கு 125 மீட்டர் எந்த மூலைக்கு?

லாக் போட்டவங்களும் இருக்காங்க. வட கடல்ல பிரிட்டனுக்கும் நார்வேக்கும் நடுவுல 'ஃப்ரிக்' வயல். அதுவும் 1971ல் கண்டுபிடிச்சதுதான். 1976ல் ரெண்டு நாடும் உட்கார்ந்து, இது ஒரே வயல், ஒரே நிறுவனம் இயக்கட்டும், வர்றதைப் பங்கு போட்டுக்கலாம்னு முடிவு பண்ணாங்க. நார்வேக்கு 60.82 சதவீதம், பிரிட்டனுக்கு 39.18. கிணறு எந்தப் பக்கம் இருந்தாலும் பங்கு அதேதான், அதனால அவசரப்பட்டுத் தோண்ட ஒரு காரணமும் இல்ல. 1977லேர்ந்து 2004 வரைக்கும் ஓடுச்சு.

அதே மாதிரி வளைகுடாவுல ஏன் பண்ணலன்னா, இதுக்கு நிலத்தடி டேட்டாவை ஒருத்தருக்கொருத்தர் முழுசாக் காட்டணும், ஒரு பொது நிறுவனம் ரெண்டு பக்கமும் வேலை செய்யணும். ஒரு நாட்டு மேல தடை இருக்கும்போது, அந்த வேலைக்கு எந்தப் பெரிய கம்பெனி வரும்?

நமக்கும் இதுல பங்கு இருக்கு. இந்தியாவின் பெட்ரோநெட் நிறுவனம் 2004லேர்ந்து கத்தார்கிட்ட எல்.என்.ஜி வாங்குது. 2024ல் அந்த ஒப்பந்தத்தை 2048 வரைக்கும் நீட்டிச்சாங்க, ஆண்டுக்கு 7.5 மில்லியன் டன். உர ஆலைக்கும் பைப் கேஸுக்கும் போற எரிவாயுவுல ஒரு பகுதி இந்த வயல்லேர்ந்து வருது. அந்த ஸ்பாஞ்ச் எவ்வளவு நாள் தாங்கும் என்பது தோஹா, டெஹ்ரான் ரெண்டு ஊரோட கவலை மட்டும் இல்ல.

உங்க தெருவுல இப்படி போர்வெல் பஞ்சாயத்து நடந்து, யாராவது பேசி முடிச்சு வச்சிருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.