ஒகினாவாவின் பன்றியும் பண்டிகை நாட்காட்டியும்

ஜப்பானின் தென்கோடி மாகாணமான ஒகினாவாவில் பன்றியின் காது முதல் குளம்பு வரை எதுவும் வீணாவதில்லை. இந்தக் கைத்திறனை வளர்த்தது வறுமையும் பண்டிகையும் சேர்ந்துதான் என்பது என் வாதம். 1605இல் நொகுனி சோகன் சீனாவின் புஜியனிலிருந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்தார். புயலடித்தாலும் மண்ணுக்குள் பிழைத்துக் கிடக்கும் அந்தக் கிழங்கே பின்னர் மக்களின் அன்றாடச் சாப்பாடானது. கொடியும் தோலும் பன்றிக்குப் போயின. அப்படி வளர்ந்த பன்றியை ஆண்டிறுதியில், புத்தாண்டுக்காக அறுத்தார்கள். வசதியில்லாதவர்கள் சில வீடுகளாகச் சேர்ந்து ஒன்றைப் பங்கிட்டார்கள். அடுத்த கறிக்கு வெகுகாலம் ஆகும் என்பதால் மிச்சத்தை உப்பிட்டுச் சேமித்தார்கள். குடலையும் இரைப்பையையும் திரும்பத் திரும்பக் கழுவி, வேகவைத்து, வாடை போக்கி, ‘நகாமி’ என்னும் தெளிந்த சாறு வைத்தார்கள். புத்தாண்டு விருந்தில் அதற்கு இன்றும் இடமுண்டு.

வசந்தகாலத்து ‘ஷீமி’ நாளில் குடும்பம் முழுதும் முன்னோர் கல்லறை முன்பு கூடிப் படையலிட்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடும். அடுக்குப்பெட்டியில் பன்றியின் வயிற்றுக்கறி, பொரித்த டோஃபு, முடிச்சிட்ட கொம்பு என்னும் கடற்பாசி எல்லாம் இருக்கும். இந்தக் கடற்பாசி ஒகினாவா கடலில் விளையாது. வடக்கே ஹொக்கைடோவின் குளிர்கடலில் விளைந்து, சீனாவுக்குப் போகும் வணிகச் சரக்காக இங்கே வந்தது. இதிலுள்ள குளூட்டமேட்டும் கறியிலுள்ள இனோசினேட்டும் சேரும்போது சுவை பலமடங்கு கூடுகிறது. வேதியியல் பெயர் தெரியாமலே படையல் சமைத்தவர்கள் இந்தச் சேர்க்கையைக் கண்டுகொண்டார்கள்.

அன்றாடம் வயிற்றை நிரப்பியது கிழங்குதானே, எப்போதோ உண்ட விருந்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1945 போரில் தீவின் பன்றிகள் பெரும்பாலும் அழிந்தபின், ஹவாயில் குடியேறியிருந்த ஒகினாவா மக்கள் நிதி திரட்டி, 1948இல் அமெரிக்காவிலிருந்து 550 பன்றிகளைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். பஞ்சத்தில் பெருகக்கூடிய கால்நடையை அனுப்புவது நல்ல கணக்குதான். ஆனாலும் பன்றி இல்லாமல் அந்த ஊரின் புத்தாண்டோ படையலோ முழுமையாகாது என்பது கடல்கடந்து போனவர்களுக்குத் தெரியாததல்ல. கறி தினமும் கிடைக்கும் இக்காலத்தில் பன்றிக்கும் பண்டிகைக்குமான தொடர்பு அறுந்துவிட்டது என்ற வாதத்தில் பாதியை ஏற்கிறேன். உணவுமுறை மாறிவிட்டது உண்மைதான். முதியவர்களின் நீண்ட ஆயுளுக்குப் பேர்பெற்ற ஒகினாவாவில், 2000ஆம் ஆண்டுக் கணக்கில், ஆண்களின் ஆயுட்காலம் ஜப்பானிய மாகாணங்களில் 26ஆம் இடத்துக்கு இறங்கியது. டப்பா இறைச்சி, துரித உணவு, நடையைக் குறைத்த கார் எனப் பல காரணங்களைச் சொல்கிறார்கள். அந்த முதியவர்களின் நீண்ட ஆயுளுக்குப் பன்றிக்கறியே காரணம் என்று சொல்பவர்கள், அவர்கள் இளமையில் அதை எத்தனை நாட்களுக்கு ஒருமுறை சாப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.