கையேடு பில்ட்: தாமதம் ஏன்?

விசைத்தறியில் ஓர் இழை அறுந்தால் பாவு முழுவதையும் மாற்றுவதில்லை, முடிச்சிட்டு ஓட்டுவார்கள். செட்டியார்பட்டிப் பக்கம் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாப்ட்வேர் கையேடுகளை வெப் பக்கங்களாக மாற்றித் தரும் ‘ஸ்பிங்க்ஸ்’ என்ற இலவச புரோகிராமும் (2008) அப்படித்தான். பைத்தான் மொழியின் கையேடு இதில்தான் தயாராகிறது.

முதல் பில்ட்டில் எல்லா பைல்களையும் படித்துக் குறிப்பெடுத்து வைக்கும். அடுத்த முறை மாறிய பைல்களை மட்டும் படிக்கும். பலர் ஒவ்வொரு முறையும் ‘மேக் கிளீன்’ கட்டளை கொடுத்து இந்தக் குறிப்பை அழித்து விடுகின்றனர். தாமதம் அதனால்தான்.

லினக்ஸில் ‘ஜே ஆட்டோ’ ஸ்விட்ச் கொடுத்தால் பிராசசரின் கோர்கள் வேலையைப் பங்கிட்டுக் கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: பொருளடக்கம் மாறினால், மாறாத பக்கங்களில் பழைய மெனுவே நிற்கலாம். எனவே வெளியிடும் முன் ஒரு முறை மட்டும் கிளீன் கொடுங்கள்.