நாவின் வலிமையும் அதனை அளக்கும் முறையும்

தொல்காப்பியப் பிறப்பியல், தமிழ் எழுத்துக்கள் வாயின் எவ்விடத்தே எவ்வாறு தோன்றுகின்றன என்பதை நுணுகிக் கூறுகின்றது. நாவின் நுனி எங்கே பொருந்தும், விளிம்பு எங்கே சென்று முட்டும் என்பனவெல்லாம் ஆங்கு வகுத்துரைக்கப்பட்டுள்ளன. ஆயின், நா எத்துணை வலிமையுடன் அண்ணத்தைத் தொடுகின்றது என்ற வினாவை இலக்கணகாரர் எழுப்பினாரல்லர். எழுப்ப வேண்டிய தேவையும் அவர்க்கு இருக்கவில்லை. அவர் ஆராய்ந்தது நலமுடையோரின் பேச்சினை. வல்லினம் என்னும் பெயர்கூட ஓசையின் வன்மை பற்றியதேயன்றி நாத்தசையின் வலி பற்றியதன்று. பாரிசவாதத்தினால் நாக்குழறிய ஒருவர் சிகிச்சை நாடி வரும்போதே இவ்வினா முக்கியத்துவம் பெறுகின்றது.

நா என்பது எட்டுவகைத் தசைகளின் பின்னல். நான்கு வகை நாவினுள்ளேயே தொடங்கி அதனுள்ளேயே முடிவன. ஏனைய நான்கும் தாடை முதலிய புறவிடங்களிலிருந்து வந்து நாவிற் சேர்வன. ஒன்று தவிர ஏனையவற்றை இயக்குவது பன்னிரண்டாவது மண்டை நரம்பாகும். அந்நரம்பு ஒருபுறம் பழுதுற்றால், நாவை நீட்டும்போது அது வலிகுன்றிய பக்கமாகவே சாயும். இச்சாய்வைக் கண்ணாற் காணலாம். ஆனால், இரு பக்கமும் ஒருங்கே தளர்ந்தவிடத்துச் சாய்வு தோன்றாது போகலாம்; அங்கே கண் உதவாது.

வழக்கமான பரிசோதனை எளியது. நோயாளர் நாவினாற் கன்னத்தை உட்புறமிருந்து உந்துவார். சிகிச்சையாளர் தம் விரலால் வெளியிலிருந்து எதிர்ப்பார். ‘சாதாரணம்’, ‘சிறிது குறைவு’, ‘மிகக் குறைவு’ என்று குறிப்பேட்டில் எழுதப்படும். ஈண்டு அளக்கப்படுவது நாவின் வலியா, அன்றி எதிர்த்த விரலின் வலியா என்பது ஐயத்துக்குரியது. ஒருவர் சிறிது குறைவு என்பதை மற்றொருவர் சாதாரணம் எனலாம். சிகிச்சையாளர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் வருபவர்க்கு அக்குறிப்பு ஏறத்தாழப் பயனற்றதாகிவிடும். ஆறு வாரம் பயின்ற நோயாளர் முன்னேறினாரா என்று அவருடைய மக்கள் கேட்டால், சொல்வதற்கு உறுதியான விடை கிடையாது.

இக்குறையை நீக்க எழுந்த கருவிகளுள் பெரிதும் வழங்குவது, அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் உருவான வாய்ச் செயற்றிறன் மானியாகும். வளி நிரம்பிய சிறு குமிழொன்று மெல்லிய குழாயினால் அமுக்கமானியுடன் இணைக்கப்பட்டிருக்கும். மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னே குமிழை வைத்து, நாவினால் அதனை அண்ணத்தோடு சேர்த்து இயன்றமட்டும் அழுத்துமாறு நோயாளரைக் கேட்பர். இடையிடையே ஓய்வு கொடுத்து மும்முறை செய்வித்து, அவற்றுள் மிகுந்ததைக் குறித்துக்கொள்வர். அளவு கிலோபஸ்காலில் அமையும். நலமுடைய வளர்ந்தோரிடம் இது பெரும்பாலும் 40க்கும் 80க்கும் இடைப்பட்டது. 60 அளவினைப் பொதுமதிப்பாகக் கொள்ளலாம். முதுமையில் இது குறையும். ஜப்பானில் இதையொத்த வேறொரு கருவி வழக்கிலுண்டு. அந்நாட்டு முதியோர் பல்மருத்துவச் சங்கம் 2016இல் வெளியிட்ட வரையறையில், 30 கிலோபஸ்காலுக்குக் குறைந்த நாவமுக்கம் வாய்ச்செயற்பாட்டுக் குறைவின் அறிகுறிகளுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது.

இவ்வெண்ணின் பருமனை உணர, வைத்தியர் மேசையிலுள்ள குருதியமுக்கமானியை நினைக்கலாம். ஒரு கிலோபஸ்கால் ஏறத்தாழ 7.5 மில்லிமீற்றர் இரச அமுக்கத்துக்குச் சமம். ஆகவே 60 கிலோபஸ்கால் என்பது 450 மில்லிமீற்றராகும். குருதியமுக்கமானியின் அளவுகோலோ 300இல் முடிந்துவிடுகின்றது. நலமுள்ள நாவின் முழுவலியைக் காட்ட அக்கோல் போதாது!

எண் கிடைத்துவிட்டமையால் ஐயம் யாவும் தீர்ந்தனவெனக் கருதலாகாது. அமுக்கம் என்பது விசையைப் பரப்பினால் வகுத்துப் பெறுவது. குமிழின் பருமனும் வடிவும் மாறினால் எண்ணும் மாறும். ஒரு கருவியின் அளவை மற்றொன்றின் அளவோடு நேரே ஒப்பிடுதல் பொருந்தாது. குமிழ் பின்னே நழுவினாலும், தாடையை இறுக்கி உதவிக்கு அழைத்தாலும், கட்டுப்பல்லைக் கழற்றினாலும் வேறுபாடு நேரலாம். நோயாளர் முழுமனத்தோடு அழுத்தினாரா என்பதையும் கருவி அறியாது.

இவற்றினும் ஆழமான வினா ஒன்றுண்டு: பேசுவதற்கு இவ்வலிமை வேண்டுமா? பேச்சொலிகளை எழுப்ப நா தன் முழுவலியில் ஐந்திலொரு பங்கினையோ அதனினும் குறைந்ததையோதான் பயன்படுத்துகின்றது. விரைவும் நேர்த்தியும் பேச்சுக்கு வேண்டுவன, வலிமை அன்று. 1992இல் ஐயோவா ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று, எக்காளம் இசைப்போரையும் வாதப்போட்டி மாணவரையும் ஏனையோருடன் ஒப்பிட்டது. நாவன்மைக்குப் பெயர்பெற்ற அவர்கள் நாவலிமையில் விஞ்சவில்லை. அழுத்தத்தை நெடுநேரம் தாங்கும் ஆற்றலிலேயே விஞ்சினர். நம் பட்டிமன்றப் பேச்சாளரும் இதனை அறிந்து மகிழ்வர்.

எனவே ரகரம் வராத குழந்தைக்கு நாப்பயிற்சி மட்டும் கொடுத்து ஒலி திருந்துமென எதிர்பார்ப்பது வீண். அக்குழந்தைக்கு வேண்டுவது ஒலியையே பயிற்றுதல். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இத்தகைய பயிற்சிகளுக்காகப் பெற்றோர் செலவிடும் பொழுதையும் பணத்தையும் எண்ணும்போது இதனை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. விழுங்குதலில் நிலை வேறு. உணவை அண்ணத்தோடு அழுத்திப் பின்னே தள்ள நாவுக்குக் கூடிய வலி தேவை. 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 70 வயதைக் கடந்த நலமுடைய முதியோர் பதின்மர் எட்டு வாரம் நாப்பயிற்சி செய்து, அழுத்தும் வலியிலும் விழுங்கும்போது எழும் அமுக்கத்திலும் உயர்வு பெற்றனர். பாரிசவாத நோயாளரைக் கொண்டு 2007இல் வெளிவந்த ஆய்வும் இதனையொத்த பயனையே காட்டிற்று. உணவு மூச்சுக்குழாயுட் சென்று நுரையீரலைத் தாக்குவது உயிருக்கே இடராகலாம் ஆகையால், நாவலிமையை அளப்பதன் முதற்பயன் இங்கேயே உள்ளது.

கொழும்புத் தமிழரைப் பொறுத்தவரை மற்றொன்றும் கருதத்தக்கது. இலங்கையிற் பேச்சுச் சிகிச்சைக் கல்வியின் நிலைக்களம் ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடமாகும். சிகிச்சையாளருள் தமிழிற் பரிசோதிக்கவல்லார் மிகச் சிலரே. கிலோபஸ்காலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், பேச்சுக்கு வேண்டும். இன்றைய சிங்களப் பேச்சில் னகர ணகர வேறுபாடும், லகர ளகர வேறுபாடும் எழுத்தளவிலேயே நிற்கின்றன. ஆகவே இருமொழி பேசும் ஒருவரின் நாநுனி மேல்நோக்கி வளைய இயலாது போயின், அக்குறை சிங்களச் சொற்களில் ஓரளவு மறைந்து தமிழிற் கூடுதலாக வெளிப்படக்கூடும். மனம், மணம் என்றும், பல்லி, பள்ளி என்றும் இணைச் சொற்களைச் சொல்வித்துக் கேட்டல் வேண்டும். அதேவேளை வாழைப்பழத்தை ‘வாளைப்பளம்’ என்பவரை நோயாளரென முடிவுகட்டலாகாது. ழகரம் ளகரமாதல் ஈழத்துப் பேச்சிற் பரவலாக உள்ள வழக்கு. நோய்க்கு முன்னர் அவர் அச்சொல்லை எவ்வாறு சொன்னார் என்பதை வீட்டாரிடம் கேட்டறிந்த பின்னரே குறிப்பேட்டில் எழுதுதல் தகும்.