திட்டும் குரலுக்குள் இருக்கும் பயம்

ஸ்கேன் கருவிக்குள் படுத்திருக்கும் பிள்ளையின் காதில் அம்மாவின் குரல் ஒலிக்கிறது. முன்பே பதிவு செய்து வைத்த குரல், முப்பது நொடிதான். பிள்ளையிடம் தனக்குப் பிடிக்காத ஒன்றை அம்மா குறையாகச் சொல்கிறார். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், ஹார்வர்டு உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு இது. பங்கேற்றவர்கள் 32 பேர். சராசரி வயது 14. எல்லோரும் மனநலத்தோடு இருந்த பிள்ளைகள். குறையைக் கேட்ட நேரத்தில் மூளையில் உணர்ச்சி கிளம்பும் பகுதிகள் விறுவிறுப்பாயின. அந்த உணர்ச்சியை அடக்கி ஆளும் பகுதியிலும், எதிரில் இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்க உதவும் பகுதிகளிலும் செயல்பாடு குறைந்தது.

“உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்” என்று சொல்லாத பெற்றோர் நம்மில் யார்? அந்த நல்லதைப் புரிந்துகொள்ள வேண்டிய மூளைப் பகுதி, திட்டு விழும் நேரம் பார்த்து ஒதுங்கிக்கொள்கிறது. நலமாக இருக்கும் பிள்ளைக்கே இந்த நிலை. மனச்சோர்விலும் பதற்றத்திலும் ஏற்கெனவே தவிக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

அப்படித் தவிக்கும் பிள்ளைகள் நம்மிடையே குறைவில்லை. 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. பெருநகரங்களில் அது 13.5 விழுக்காடு. இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டும் வருவதில்லை. எரிச்சலாக, எதிர்ப்பேச்சாக, காலையில் மட்டும் வரும் வயிற்றுவலியாக, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்ற பிடிவாதமாக வருகிறது. வீட்டில் அதற்கு வைக்கும் பெயர் திமிர், நடிப்பு, கண் பட்டது. மந்திரித்துக் கயிறு கட்டிய பிறகே மருத்துவரிடம் வருகிறவர்கள் பலர்.

இந்தப் பேச்சுக்குச் சென்னையின் பெரும்பாக்கத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தெற்கே, வரிசை வரிசையாக எட்டு மாடிக் கட்டடங்கள் எழுந்து நிற்கும் எழில் நகர் அங்கேதான் இருக்கிறது. அடையாற்றங்கரையிலும் கூவம் கரையிலும் காலங்காலமாக வாழ்ந்த குடும்பங்கள், குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆயிரக்கணக்கில் இங்கே கொண்டுவரப்பட்டன. வீடு மாறியது, பிழைப்பு மாறவில்லை. வீட்டு வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் மீன் விற்கவும் விடியுமுன் பஸ் பிடித்துப் பழைய இடத்துக்கே போகிறவர்கள் ஏராளம். கல்வியாண்டின் நடுவிலேயே பள்ளியும் கூட்டாளிகளும் அறுந்துபோன பிள்ளைகளும் இங்கே உண்டு.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பத்தாவது படிக்கும் பெண். அம்மாவுக்கு மந்தைவெளியில் மூன்று வீட்டு வேலை. ஐந்து மணிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். சில வாரங்களாகப் பெண் பள்ளிக்குப் போகவில்லை. போனும் கையுமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடக்கிறாள். “உனக்கு இன்னா கொற வெச்சேன்? யாருக்காக நான் இப்புடி ஓடுறேன்?” என்று அம்மா கத்துகிறார். அப்பா ஒரு முறை கை ஓங்கிவிட்டு, அன்றிலிருந்து வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

வழக்கமான ஆலோசனை அந்தப் பெண்ணை மட்டும் உட்கார வைத்துப் பேசும். பரிவை அடிப்படையாகக் கொண்ட குடும்பச் சிகிச்சை, அம்மாவையும் அப்பாவையும் அழைத்து, முதலில் அவர்களிடம் பேசுகிறது.

இதன் வேர்களில் ஒன்று இங்கிலாந்தின் டெர்பியைச் சேர்ந்த உளவியலாளர் பால் கில்பர்ட் உருவாக்கிய சிகிச்சை முறை. மனச்சோர்வு கொண்டவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். ‘நான் எதற்கும் லாயக்கில்லாதவன் இல்லை’ என்று மாற்றி யோசிக்க அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அதையும் தங்களுக்குத் தாங்களே கடுகடுத்த குரலில்தான் சொல்லிக்கொண்டார்கள். சொல் மாறியது, தொனி மாறவில்லை. கில்பர்ட்டின் விளக்கப்படி நம் உணர்ச்சிகளை மூன்று அமைப்புகள் ஆள்கின்றன. ஆபத்தைக் கண்டு உஷாராகும் அமைப்பு ஒன்று. வேண்டியதை நோக்கி ஓடவைக்கும் அமைப்பு இன்னொன்று. மூன்றாவது, அணைப்பிலும் ஆதரவிலும் அமைதி அடையும் அமைப்பு. மூன்றாவது பலமாக இல்லாதவர், தன்னையும் திட்டிக்கொள்வார், பிள்ளையையும் திட்டுவார். வெட்கமும் குற்றவுணர்வும் முதல் அமைப்பை ஓயாமல் கிளறிக்கொண்டே இருக்கும்.

கண்டிக்கும் பெற்றோரைக் கண்டிப்பது இந்தச் சிகிச்சையில் கிடையாது. ஏன் திட்டினீர்கள் என்று ஆலோசகர் அந்த அம்மாவைக் கேட்கமாட்டார். திட்டியபோது மனதில் என்ன பயம் இருந்தது என்று கேட்பார். பதில் உடனே வராது. மெதுவாக, “எங்க என்னை மாதிரியே பத்துப் பாத்திரம் தேய்க்கப் போயிடுவாளோன்னுதான்” என்று வரலாம். சின்ன வயதில் நீங்கள் பயந்தபோது யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. யாரும் இல்லை என்று சொல்லி அழும் தாய்மார்கள் உண்டு. தன் மீதே அந்த அம்மாவுக்கு ஒரு பரிவு பிறக்க வேண்டும்; மூச்சை நிதானமாக்கும் பயிற்சியும், பிரியமான ஒருவர் தனக்கு எழுதுவதுபோலத் தானே எழுதிக்கொள்ளும் கடிதமும் அதற்கு உதவுகின்றன. எழுத வராதவர் சொல்லிப் பார்க்கலாம்.

பிறகுதான் அம்மாவும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்கிறார்கள். “நான் கத்தினேனே, அப்போ உனக்கு எப்புடி இருந்துச்சு?” என்று அம்மா கேட்க வேண்டும். பதில் வரும்போது குறுக்கே பேசக் கூடாது; ‘ஆனா’ என்று ஆரம்பிக்கவே கூடாது. பெண் சொல்கிறாள்: “நீ வர்றதுக்குள்ள இருட்டிடுதும்மா. லிஃப்ட் ஓடலன்னா படியில தனியா ஏற பயமா இருக்கு. மாடிப்படியில பசங்க நிக்கிறாங்க. சொன்னா நீ வேலைய வுட்ருவ. அதான் சொல்லல.” இத்தனை நாளும் அம்மா பிள்ளைக்காகப் பயந்து கத்தியிருக்கிறார், பிள்ளை அம்மாவுக்காகப் பயந்து வாயை மூடியிருக்கிறது. கற்பனைதான் என்றாலும், இப்படிப்பட்ட ஒரு வெளிப்பாட்டுக்காகத்தான் இந்தச் சிகிச்சையே வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

பரிவு என்றதும் செல்லம் கொடுப்பது என்று எண்ணிவிட வேண்டாம். பிள்ளை பள்ளிக்குத் திரும்பத்தான் வேண்டும். முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் அரை நாள் என்று அதற்குப் படி வைப்பார்கள். இரவில் போனை ஒப்படைக்கும் நேரமும் மாறாது. தாங்கித் தாங்கிப் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது பதற்றக் கோளாறை வளர்க்கும்.

குடும்பத்தின் பேச்சுக்கும் நோய்க்கும் உள்ள உறவு மேலைநாட்டில் மட்டும் ஆராயப்பட்டதில்லை. 1950களில் தொடங்கி லண்டனில் ஜார்ஜ் பிரவுன், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் மனச்சிதைவு நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோது, குறை கூறலும் பகையும் மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களே அதிகம் மீண்டும் நோயில் விழுவதற்கான தடயங்களைக் கண்டார். பிறகு அதே அளவுகோலைச் சண்டிகரில் வைத்துப் பார்த்தார்கள். 1987இல் வெளியான முடிவுகளின்படி, அங்கே அப்படிப்பட்ட உறவினர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. இது வேறு நோய், வேறு காலம். எழில் நகரின் வளரிளம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் நம் குடும்பங்களுக்குத் தாங்கும் சக்தி உண்டு என்பதை அந்த எண் காட்டுகிறது.

அந்தச் சக்தியைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் வளாகத்துக்குள் கூடாரம் அடித்து, நோயாளிகளின் உறவினர்களைக் கூடவே தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் 1957இல் தொடங்கிய மனநல மையமும், நோயாளியோடு குடும்பத்தினர் தங்குவதையே நடைமுறையாக வைத்துக்கொண்டது. உடன் தங்கும் அம்மாவும் அண்ணனும் நோயைப் பற்றித் தெரிந்துகொண்டு வீடு திரும்பினார்கள். உலகின் பல இடங்களில் மனநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்த காலம் அது. நாம் பெருமைப்பட வேண்டிய வரலாறு இது.

பலன் எவ்வளவு? பிலடெல்பியாவில் கை டயமண்ட் குழுவினர், இதற்கு நெருக்கமான, பெற்றோர்-பிள்ளை பிணைப்பைச் சீராக்கும் குடும்பச் சிகிச்சையை, தற்கொலை எண்ணம் கொண்ட 66 வளரிளம் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில் வழக்கமான சிகிச்சையைவிட நல்ல முன்னேற்றம் தெரிந்தது. 129 பேரை வைத்து 2019இல் வெளியான பெரிய ஆய்வில், பிள்ளையின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் ஆதரவு ஆலோசனையோடு ஒப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் தேறினார்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசமில்லை. சிகிச்சைக்கு இது தோல்வி என்று நான் கருதவில்லை. கவனமாகக் கேட்கும் ஒருவர் கிடைத்தாலே பிள்ளைக்குப் பாதி பாரம் இறங்கும் என்றே எனக்குப் படுகிறது. பரிவையே மையமாகக் கொண்ட குடும்பச் சிகிச்சையில் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். கடுமையான மனச்சோர்வுக்கு மருந்தும் வேண்டியிருக்கும்.

நாள் முழுக்க வெளியே இருக்கும் பெற்றோருக்கு ஒரு நல்ல செய்தி. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 7 முதல் 12 வயதுச் சிறுமிகளுக்கு அந்நியர்கள் முன்னால் பேசுவது, கணக்குப் போடுவது என்று நெருக்கடி கொடுத்துவிட்டு, சிலரை அம்மாவின் அணைப்பில் விட்டார்கள். சிலரிடம் அம்மா போனில் மட்டும் பேசினார். 2010இல் வெளியான முடிவு: போனில் கேட்ட குரலும் அணைப்பைப் போலவே நெருக்கடி ஹார்மோனைத் தணித்து, பிணைப்புக்குரிய ஆக்சிடோசினைக் கூட்டியது. பிறகு நடந்த ஆய்வில் எழுத்துச் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். அதற்கு அந்தப் பலன் இல்லை. சிறுமிகளிடம் கண்டது பதினைந்து வயதுக்கும் அப்படியே பொருந்துமா என்பது வேறு கேள்வி. இருந்தாலும், மத்தியானம் மந்தைவெளியிலிருந்து “சாப்ட்டியா கண்ணு?” என்று ஒரு போன் போடுவதற்கு வாட்ஸ்அப் செய்தி ஈடாகாது.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்துவிட்டு இருட்டுப் படிக்கட்டில் பிள்ளையை ஏறச் சொல்வது சிகிச்சை ஆகாது. ஓடும் லிஃப்ட்டும் எரியும் விளக்கும் பக்கத்திலேயே வேலையும் அந்தப் பெண்ணின் ஆபத்து உணர்வைத் தணிக்கும். அரசு மருத்துவமனைகளின் வெளிநோயாளிப் பிரிவுகள் பெரும்பாலும் காலையில்தான் இயங்குகின்றன; அந்த நேரத்தில் வந்தால் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும், இரண்டு மூன்று தடவையானால் வேலையே போகும். குடும்பத்தோடு செய்யும் சிகிச்சை, குடும்பம் வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் நடக்க முடியும். எழில் நகருக்குள்ளேயே மாலை ஏழு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஆலோசனை அறை வேண்டும். அதில் அந்தப் பகுதியின் பேச்சு புரிந்த ஆலோசகர் இருக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை எதிலும் நாட்டமில்லாமல் இருந்தாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. பிள்ளைக்காக மட்டுமல்ல, தாங்க முடியாமல் தவிக்கும் பெற்றோரும் இந்த எண்களை அழைக்கலாம்.